கருகிய செவ்வந்தி

மாலை ஐந்து ஐம்பது. சலங்கையைக் காணவில்லை.

ஆக்லாந்தின் கே ரோட்டிலுள்ள ‘ப்ளூ டோர்’ கிளப்பின் ஒப்பனை அறையில், ஒரு கண்ணுக்கு மட்டும் மை தீட்டிய கோலத்தில் நின்றான் சோதிலிங்கம். 1986 ஆகஸ்ட் எட்டு, வெள்ளிக்கிழமை. ஆணும் ஆணும் நேசிப்பதைக் குற்றமென்று வைத்திருந்த சட்டம் நியூசிலாந்தில் அன்றுதான் ஒழிந்தது. ஏழு மணிக்கு அதைக் கொண்டாடும் விழா. இத்தனை காலம் பொய்ப் பெயரில், முகமூடியோடு ஆடியவன், இன்று சொந்தப் பெயரில் ஆடப்போவதாகச் சொல்லி, தனக்குத் தெரிந்த தமிழர்களையெல்லாம் அழைத்திருந்தான். சலங்கை இல்லாமல் அவன் ஆட மாட்டான். ஆக்லாந்து முழுக்கத் தேடினாலும் இன்னொரு சோடி கிடைக்காது.

“நடராசருக்கு முன்னாலை தட்டிலை வச்சு, விளக்கும் கொளுத்தி, லைட்டை நிப்பாட்டிப்போட்டுத்தான் மேடைக்குப் போனனான் அக்கா. மைக் சரிபாத்திட்டு வர, அறை இருட்டு.”

அக்கா என்றது எலிசபெத்தை. கிளென் ஈடனில் பக்கத்து வீட்டுக்காரி. மலேசியத் தமிழ்க் கிறிஸ்தவப் பெண். நஷ்ட ஈடு கேட்டு வருகிறவர்களின் பொய்யைக் கண்டுபிடிப்பது எல்லர்ஸ்லி இன்சூரன்ஸ் கம்பெனியில் அவளுடைய வேலை. அதைச் செய்து செய்து, மனிதர்கள்மேல் அவளுக்கிருந்த மரியாதை ஒரு தேக்கரண்டி அளவுக்கு வற்றிவிட்டது. பொய்யைக்கூட இவர்களுக்கு ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லையே என்பதுதான் அவளுடைய தீராத எரிச்சல்.

“போலீசுக்குச் சொல்லுவமோ?”

“நேத்து வரைக்கும் உன்னைப் பிடிக்க வந்தவங்க, இன்னிக்கு உன் சலங்கையத் தேட வருவாங்களா? நவுரு.”

அறைக்கதவின் மேற்பாதி கண்ணாடி. உள்ளே விளக்கெரிந்தால் ஆள் அசைவது வெளியே தெரியும். அதனால்தான் திருடன் விளக்கை அணைத்திருக்கிறான். அகலில் எண்ணெய் நிறைய இருந்தது. பூசைக்கு வைத்த செவ்வந்திகளில் ஒன்று, நடுவில் கருகி, திரியின் மேல் கிடந்தது. நாற்காலியில் தொங்கிய துவாலையைக் காணவில்லை. சலங்கை சத்தம் போடாமல் வெளியேறியது அதற்குள்தான்.

வாசல் பூட்டியிருந்தது. பின்கதவு உள்ளே தாழிட்டிருந்தது. இவர்கள் இருவரையும் தவிர, அப்போது கட்டடத்தில் இருந்தவர்கள் மூன்று பேர்.

முதலில் பார் ஊழியர் வொறன். சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு, தீக்குச்சியை ஊதி அணைத்தார்.

“எங்கே இருந்தீர்கள்?”

“கீழே, பீர்ப் பீப்பாய் மாற்றிக்கொண்டிருந்தேன். அந்தக் கொலுசை வைத்து நான் என்ன செய்வது?”

அடுத்து டெனிஸ். பெண் வேடமிட்டுப் பாடும் ஆண்; வழக்கமாகக் கடைசி நிகழ்ச்சி டெனிஸுடையது. இன்று அது சோதிக்குப் போயிருந்தது.

“கோபமா?”

“கோபம்தான். திருடுவதென்றால் அவன் மையைத் திருடியிருப்பேன். என்னுடையதைவிட நல்ல மை.” மேசையில் உருகி வழிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்தியை டெனிஸ் உஃப் என்று ஊதி அணைத்தார். “மேலே வின்னியைக் கேட்டீர்களா? கூச்ச சுபாவம், பாவம். சனிக்கிழமை தவறாமல் மூலை மேசைக்கு வருவார். முதலில் கைதட்டுவது அவர்தான்.”

மாடியில் கிளப்பின் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்த வின்னியைக் கண்டதும் எலிசபெத்துக்குச் சிரிப்பு வந்தது. விநாயகமூர்த்தி. சைவ சங்கத்தின் செயலாளர். போன வருடம் இந்தச் சட்டமாற்றம் கூடாதென்று மனுவைத் தூக்கிக்கொண்டு, தெற்குப் புறநகர் மனுரேவா வரை வீடு வீடாகக் கையெழுத்து வாங்கியவர்.

“நான் கணக்குப் பாக்கத்தான் வாறனான். வேறை ஒண்டுமில்லை.”

“வேற ஒண்ணும் நான் கேக்கலையே.”

“ஆரோ வெள்ளைக்காரன்தான் எடுத்திருப்பான். மனுக் குடுத்த ஆக்கள் இருக்கினம்தானே.”

“நீங்களும் குடுத்தீங்க.”

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். துடைப்பதற்கு அதில் ஒன்றுமில்லை.

ஆறு இருபது. மூவரையும் ஒப்பனை அறைக்கு வரவழைத்தாள்.

“சோதி, இந்த விளக்கு எப்படி அணைஞ்சிருக்கு?”

“பூவாலை. எல்லாரும் அப்படித்தானே நூக்கிறது?”

“எல்லாருமா? உனக்கு அது பழக்கம், அதான் கண்ணுல படல. நானா இருந்தா ஊதியிருப்பேன். வொறன் குச்சிய ஊதினாரு, டெனிஸ் மெழுகுவர்த்திய ஊதினாரு. சாமி விளக்க வாயால ஊதக் கூடாதுன்னு பூவெடுத்து அணைக்கிற திருடன் இங்க ஒருத்தர்தான்.”

விநாயகமூர்த்தியின் பார்வை மாடிப்படிப் பக்கம் போய் வந்தது.

“அப்படிப்பட்டவர் சலங்கையக் குப்பைத் தொட்டியில போட மாட்டார், தரையிலயும் வைக்க மாட்டார். வொறன், மாடி அலுவலகத்தில் அலமாரியின் உச்சியில் பாருங்கள்.”

வொறன் துவாலைச் சுருளோடு இறங்கி வந்தார். படியிலேயே அது கிணுகிணுத்தது.

“தம்பி, தமிழாக்கள் வருவினம்,” என்றார் விநாயகமூர்த்தி. “அவைக்கு முன்னாலை இங்கை இருக்கிறவை எல்லாம் என்னை வின்னி எண்டு கூப்பிடுவினம். நீ ஆடாட்டி அவை வரமாட்டினம். நான் பிள்ளை குட்டிக்காரன்.”

“பயந்ததுக்கு உங்களைக் கேவலமா நினைக்கல,” என்றாள் எலிசபெத். “பயம் எல்லாருக்கும் உண்டு. மூலை மேசையில உக்காந்து கைதட்டிட்டு, மேடையில ஆடுறவன ஜெயில்ல போடச் சொல்லிக் கையெழுத்து வாங்கினீங்க பாருங்க, அதுக்குத்தான். கடவுளுக்கு மரியாதை, மனுசனுக்குத் துரோகம். நல்ல பக்தி.”

சோதிலிங்கம் சலங்கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். “நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் அண்ணை. நூத்தது நீங்கள். நீங்களே கொளுத்திப்போட்டுப் போங்கோ.”

அவர் தீப்பெட்டியை எடுத்தார். இரண்டு குச்சி வீணாகி, மூன்றாவதில் திரி பற்றியது. யாரையும் பார்க்காமல் பின்கதவைத் திறந்துகொண்டு போனார்.

ஏழு மணிக்கு மண்டபம் நிறைந்தது. தமிழர்கள் ஐந்தாறு பேர்தான். வெறித்துப் பார்த்தபடி வந்தார்கள், ஆனாலும் வந்தார்கள். சோதிலிங்கம் தன் பெயரைச் சொல்லிவிட்டு ஆடினான். ஆடி முடித்ததும் ஒரு கணம் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

முதல் கைதட்டல் பின்பக்கமிருந்து வந்தது. எலிசபெத் திரும்பினாள். பின்கதவு ஒரு சாண் திறந்திருந்தது. சந்தில், மழையில் நின்றபடி விநாயகமூர்த்தி தட்டிக்கொண்டிருந்தார். கன்னம் நனைந்திருந்தது, மழையாலும்தான்.

மண்டபமே சேர்ந்து தட்டத் தொடங்கியபோது அவள் எழுந்து போனாள்.

“உள்ள வரதுன்னா முன்வாசல்ல வாங்க,” என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.