ஐம்பத்தொன்றாம் ஆண்டு மழை

காரோடையின் ஈர மணலில் முழங்கால் ஊன்றி, செண்பகவல்லி ஊற்றுமானியின் முனையைச் செருகினாள். பின்னால் கல்யாண வீட்டார் செம்பும் மஞ்சளுமாகக் காத்து நின்றார்கள். பெண் பிறந்த ஆண்டின் மழையையும் மாப்பிள்ளை பிறந்த ஆண்டின் மழையையும் கலந்து கையில் வார்க்காமல் இப்போதெல்லாம் அந்தப் பக்கத்தில் தாலி ஏறுவதில்லை.

பெய்த மழை மண்ணுக்குள் இறங்கி, பாறை இடுக்கில் ஊர்ந்து, பல வருஷம் கழித்து ஓடையின் அடிமணல் வழியாகக் கசிந்து மேலே வருகிறது. கரையோரம் கசிவது இளசு. நடு ஓடையில் கசிவது தூரத்து மேட்டிலிருந்து வந்த கிழம். துளி கீழே விழும்போது கரைத்துக்கொண்டு வரும் காற்றின் கலவை ஆண்டுக்கு ஆண்டு வேறு. ஊற்றுமானி அதை மோந்து பார்த்துப் பெய்த ஆண்டைச் சொல்லிவிடும்.

"யக்கா, குழல் போட்டு இழுக்கச் சொல்லுதாவ. முகூர்த்தம் தப்பிருமாம்," என்றான் தங்கப்பழம். அவளோடு ஊற்றுக்காவல் வேலை பார்ப்பவன்.

"தப்பினா அடுத்த முகூர்த்தம். கையால தோண்டட்டும், அதுவா ஊறட்டும். இழுத்தா ஊத்து கெட்டுரும், இழுக்கப்பிடாதுன்னு சொல்லிரு."

"நீங்க லேசா சொல்லிருவிய. அந்தத் தாய்மாமன் மீசைக்கு முன்னால நான்லா போய் நிக்கணும்."

அவள் சிரித்தாள். ஆனால் அவளுக்கும் ஓர் ஆண்டு இருந்தது.

ஐம்பத்தொன்று. கல்யாணமான ஐப்பசி. மேட்டுப் புஞ்சையில் விதைத்துக்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க மரம் இருந்தும் அவள் புருஷன் சொரிமுத்து ஒதுங்கவில்லை. "நனைஞ்சா கரைஞ்சா போயிருவோம்?" என்று அவளையும் கையைப் பிடித்து நிறுத்திக்கொண்டான். அடுத்த மழைக்கு அவன் இல்லை. இருவரும் சேர்ந்து நனைந்தது அந்த ஒரு மழைக்காலம்தான்.

அந்த மேட்டில் விழுந்த தண்ணீர் இலுப்பை வளைவில்தான் கசியும். போன வருஷம் அங்கே மானி ஐம்பதைக் காட்டியது. இப்போது முனையை ஒரு சாண் ஆழத்துக்கு இறக்கினால் ஐம்பத்தொன்று. தை பிறந்தால் தானே மேலே வந்துவிடும். உச்சி வெயிலிலும் அந்த இடத்து மணல் மட்டும் சில்லென்றிருக்கும். அவள் தினமும் அதில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள்.

கல்யாண வீட்டார் போன பிறகு இலுப்பை வளைவுக்கு நடந்தாள். பையிலிருந்து உறிஞ்சுகுழலை எடுத்தாள். பின்னாலேயே வந்த தங்கப்பழம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

ஒரே ஒரு செம்பு. தை வரைக்கும் யார் காத்துக் கிடப்பது?

செம்பில் தண்ணீர் விழுந்தது. அதற்குள் விட்ட மானியில் ஐம்பது. எண் தடுமாறி, மாறியது.

எழுபத்தாறு. நடப்பு ஆண்டு.

"மானிக்குக் கோளாறு போல," என்றாள்.

தங்கப்பழம் குனிந்து, கல்யாண வீட்டார் விட்டுப்போன மஞ்சளில் ஒரு சிட்டிகை எடுத்து அந்த இடத்துத் தண்ணீரில் கரைத்தான். கசிவு இருந்தால் மஞ்சளை மேலே தள்ளும். மஞ்சளோ மெல்லச் சுழன்று மணலுக்குள் இறங்கியது.

"மானி நல்லாத்தான்க்கா இருக்கு. தண்ணி திரும்பிட்டு. மேல வந்துக்கிட்டு இருந்தது நின்னு, இந்த வருச ஓடத்தண்ணி கீழ போவுது."

"ஒரு செம்புக்கா?"

அவன் வளைவு நெடுக விரலை நீட்டினான். மணலில் அங்கங்கே வட்டம் வட்டமாக, கவனமாகத் தடவி மூடிய தடங்கள். "ஆளாளுக்கு ஒரு செம்புதான் இழுத்திருக்காவ."

"நீ பாத்துக்கிட்டா இருந்த?"

"அதுல ஒண்ணு நான் இழுத்தது, எங்க அய்யா வருசத்துக்கு," என்று மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

செண்பகவல்லி குழலை உருவிப் போட்டுவிட்டு ஓடைக்குள் இறங்கி நின்றாள்.

"இனி வருமாலே?"

"வந்தாலும் தனியா வராதுக்கா. இந்த வருசத்தோட கலந்துல்லா வரும்."

அவள் காலை எடுக்கவில்லை. விரலிடுக்கில் மணல் நழுவியது. இந்த வருஷம் அவளை மட்டும் நனைத்த மழைத் தண்ணீர், ஐம்பத்தொன்றைத் தேடிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.