சப்பாத்தில் நின்ற வெளிச்சம்

கேள்வி இல்லாமலே பதில் வந்ததுதான் ரெஜிஷாவுக்கு முதலில் உறுத்தியது. ஜேசுதாஸின் டீக்கடைத் தகரம் மழையில் அதிர்ந்துகொண்டிருக்க, காரைவிட்டு இறங்காமல் கண்ணாடியை மட்டும் இரண்டு விரல் அளவு இறக்கி வைத்திருந்தாள். கீழே பள்ளத்தில், ரப்பர் மரங்களுக்கு அடியில், சப்பாத்து இருக்கும் திசையிலிருந்து மூன்று முறை ஹாரன் கேட்டது. கொஞ்சம் விட்டு மறுபடியும் மூன்று. இக்கரையிலிருந்து யாரும் ஹாரன் அடித்துக் கேட்கவில்லை.

சப்பாத்து என்றால் ஆற்றின் குறுக்கே தரையோடு தரையாகப் போட்ட கான்கிரீட் பாதை. கார்த்திகை மழையில் அதன்மேல் தண்ணீர் ஓடும், விளிம்பு தெரியாது. அதற்காக மலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கடந்தவன் தன் பாட்டுக்குப் போய்விடக் கூடாது. அக்கரையில் சிலுவை நட்ட குருசடிக்கு முன்னால் வண்டியைத் திருப்பி, விளக்கைப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அடுத்து வருகிறவன் இக்கரையில் நின்று ஒருமுறை ஹாரன் அடித்துக் கேட்பான். தண்ணீர் சக்கரத்தில் பாதிக்குக் கீழே என்றால் அக்கரைக்காரன் மூன்று அடிப்பான். தண்ணீரைப் பார்த்தால் தலை சுற்றும். அந்த விளக்கை நெற்றிக்கு நேராக வைத்துக்கொண்டு ஓட்டினால் கரையேறிவிடலாம். ஏறியவன் அடுத்தவனுக்காக நிற்பான். சண்டைக்காரனுக்குக்கூட நிற்பான், அதில் மட்டும் மலைக்காரர்கள் யோக்கியர்கள்.

“ஆருக்கு அடிக்காரு? நம்ம பக்கத்துல இருந்து ஒருத்தரும் கேக்கல்லியே,” என்றாள்.

ஜேசுதாஸ் அவளைப் பார்க்காமலே பாய்லரைத் துடைத்தான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் போதைப்பாக்கு விற்கிறான் என்று போன மாதம் அவள் புகார் எழுதிக் கொடுத்ததிலிருந்து அவளுக்கு அந்தக் கடையில் டீ கிடையாது. மலையில் பாதிப் பேர் அவளோடு பேசுவதும் கிடையாது.

“கிருஷ்ணமணிக்க ஜீப்பாக்கும். ரெண்டு மணிக்கு எறங்குனான். டீச்சர் வருவியன்னு நிக்கான், வேற எதுக்கு?” என்றான்.

“டேம் ரோடு?”

“மரம் விழுந்து கெடக்கு. வெட்ட ஆளு போயிருக்கு. ஒரு மணிக்கூர் ஆவும், ரெண்டும் ஆவும். இருக்கதுன்னா இரியுங்க, போறதுன்னா போங்க. நான் கட அடைக்கப் போறேன்.”

மலையில் நாலு நாள் தங்கிப் பாடம் நடத்திவிட்டு வெள்ளிக்கிழமை சாயங்காலம் குலசேகரத்தில் இருக்கும் வீட்டுக்கு இறங்குவது அவள் வழக்கம். அணையை ஒட்டிப் போகும் ரோடு நீளம், ஆனால் பயம் இல்லை. எஸ்டேட் ரோடு நாற்பதே நிமிஷம், நடுவில் சப்பாத்து. மழைக்காலத்தில் அவள் நீளத்தைத்தான் எடுப்பாள். பயந்தவள் என்று புருஷன் ஷாஜன் சிரிப்பான். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிடுவாள்.

அந்த டீக்கடை முக்கில் மட்டும்தான் போனில் சிக்னல் கோடு தெரியும். தெரிந்த உடனே ஷாஜன் கூப்பிட்டான்.

“ஏட்டி, மணி என்ன ஆச்சு? பிள்ளைக்கு காலையிலேயே காய்ச்சல். அம்மா அம்மான்னு கெடந்து கரையுது.”

“எறங்கியாச்சு. முக்குல நிக்கேன்.”

“இந்தப் பாட்ட எத்தன வாரம் கேட்டாச்சு! அஞ்சர மணிக்கு நீ வாசல்ல நிக்கல்லன்னா, பெமிலாவ வண்டியில போட்டு மேல கொண்டுவந்து ஒங்கிட்ட எறிஞ்சிட்டுப் போவேன். நீயும் ஒன் பள்ளிக்கூடமும் அவளுமா கெடந்துக்குங்க.”

“இந்த மழையில பிள்ளைய எடுக்கண்டாம். நான் சொல்லுகதக் கேளுங்க...”

போன் செத்துவிட்டது. வைத்தானா, கோடு போனதா, தெரியவில்லை. மணி நாலே முக்கால்.

ஷாஜன் சொன்னால் செய்வான். செய்ய வேண்டாத காரியம் என்றால் கட்டாயம் செய்வான். துபாயிலிருந்து வந்தபின் அவன் வாய்க்கு வேறு வேலையும் இல்லை. வந்தால் எஸ்டேட் ரோட்டில்தான் வருவான். சப்பாத்து எனக்கு எங்க வீட்டு முற்றம் என்று குடித்தாலும் சொல்வான், குடிக்காவிட்டாலும் சொல்வான். அவள் டேம் ரோட்டில் சுற்றி வீடு சேரும்போது அவனும் ஆறு வயசுப் பிள்ளையும் அந்தத் தண்ணீரில் நிற்பார்கள். அவள் இப்போதே குறுக்கே இறங்கினால் அவன் சாவியை எடுக்கும் முன்னால் வாசலில் நிற்கலாம்.

கீழே மறுபடியும் மூன்று ஹாரன்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று ஊர்தான் சொல்லும். போ, ஆள் நிற்கிறான் என்றும் அதே ஊர்தான் சொல்லும். ரெஜிஷா வண்டியை எஸ்டேட் ரோட்டில் திருப்பினாள். கண்ணாடியில் பார்த்தபோது ஜேசுதாஸ் கடைப் பலகையை ஒவ்வொன்றாக எடுத்து அடைத்துக்கொண்டிருந்தான்.

எஸ்டேட்டுக்குள் சாயங்காலம் முன்கூட்டியே வந்துவிட்டிருந்தது. வரிசை வரிசையாய் நின்ற ரப்பர் மரங்களில் பட்டைக்கு மேலே கட்டிய மழைப் பிளாஸ்டிக் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது, அதன் கீழே சிரட்டைகளில் பாலுக்குப் பதில் மழைத்தண்ணீர் நிறைந்து வழிந்தது, பட்டையில் உறைந்த ஒட்டுப்பாலின் புளித்த நாற்றம் மூடிய கண்ணாடியையும் தாண்டி வந்து அவள் தொண்டையில் ஒட்டியது. வைப்பர் ஒருமுறை துடைத்தால் ஒரு வரிசை மரம் தெரியும், மறுபடி துடைக்கும்போது அதே வரிசைதான் தெரிவதுபோல் இருக்கும். ஒரு ஆள் இல்லை, ஒரு நாய் இல்லை. கூலிக்காரர்களின் லைன் வீடுகளில் ஒன்றில்கூட விளக்கு இல்லை. ரோட்டில் செம்மண் கரைந்து ஓடி, டயர் இரண்டு முறை வழுக்கியது. பெமிலாவை நினைத்துக்கொண்டாள். காய்ச்சல் வந்தால் அந்தப் பிள்ளை உள்ளங்காலைத் தேய்த்துவிடச் சொல்லும், வேறு ஒன்றும் கேட்காது. அங்கே யார் தேய்த்துவிடுவார்கள்? கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஆக்சிலேட்டரை மிதித்தாள்.

இறக்கத்தின் கடைசி வளைவில் ஆற்றுச் சத்தம் கேட்டது. முதலில் மழையோடு மழையாகத்தான் இருந்தது, பிறகு தனியாகப் பிரிந்து, ரோட்டுக்கு அடியிலிருந்து வருவதுபோல் ஸ்டியரிங்கில் நடுங்கியது.

சப்பாத்து கண்ணுக்குத் தெரியவில்லை. பாதை நேராகப் போய்த் தண்ணீருக்குள் இறங்கியது, அவ்வளவுதான். இரண்டு பக்கமும் இருக்க வேண்டிய வெள்ளைக் கல் ஒன்றுகூட மேலே இல்லை. தண்ணீர் தேங்காய்மட்டையும் ஒடிந்த கொம்பும் சுமந்து வலமிருந்து இடமாக ஓடியது. அக்கரை மழையில் கரைந்துபோயிருந்தது.

ஆனால் வெளிச்சம் இருந்தது. இரண்டு மஞ்சள் விளக்கு, அசையாமல்.

அந்த விளக்கைப் பார்த்ததும் அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. கிருஷ்ணமணி நிற்கிறார். பள்ளிக்கூடத்துக்கு அரிசி மூட்டை ஏற்றி வருகிற மனிதர், மலையில் அவளிடம் முகம் கொடுத்துப் பேசுகிற ஒரே ஆள். மூன்று மணி நேரமாக எனக்காக நிற்கிறாரா என்று நினைக்கும்போதே நன்றியும் குற்ற உணர்வும் வந்தன.

ஹாரனை ஒருமுறை அடித்தாள்.

மூன்று. உடனே. அவள் கையை எடுப்பதற்குள்.

ஏதோ சரியில்லை என்று பட்டது. குருசடி பாதைக்கு நேரே இருக்கும்; வெளிச்சம் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி இருந்தது. மழையில் அப்படித் தெரியும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். ஜீப்பைத் தள்ளி நிறுத்தியிருப்பார், கரை அரித்திருக்கும். மணி ஐந்து பத்து. திரும்பிப் போனால் கடை அடைத்திருப்பான், டேம் ரோட்டில் மரம் கிடக்கும், ஷாஜன் பிள்ளையைத் தூக்கி முன்சீட்டில் போட்டிருப்பான்.

முதல் கியரில் போட்டு இறங்கினாள்.

தண்ணீர் டயரைப் பிடித்தது. கார் ஒரு பக்கமாக நகர்வதுபோல் இருந்தது. தண்ணீரைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது. விளக்கை மட்டும் பார்த்தாள். நெற்றிக்கு நேராக. விளக்கு இடப்பக்கம் போனால் ஸ்டியரிங்கையும் இடப்பக்கம் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். காலடியில் குளிர்ந்தது. கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் வந்து செருப்பை நனைத்தது. பாதி தூரம் வந்திருப்பாள்.

மூன்று ஹாரன்.

சத்தம் முன்னாலிருந்து வரவில்லை. கீழிருந்து வந்தது. சீட்டுக்குள் கேட்டது.

அப்போதுதான் பார்த்தாள். அவளுடைய விளக்கில் மழை கோடு கோடாக விழுந்தது. அந்த விளக்கில் விழவில்லை. ஒரு துளிகூட இல்லை. மஞ்சள் வெளிச்சம் மட்டும் மெதுவாக நெளிந்தது. அதன்மேல் ஒரு தென்னை ஓலை மிதந்து போனது.

வெளிச்சம் தண்ணீருக்கு மேலே இல்லை.

பிரேக்கை மிதித்தாள். ரிவர்ஸ் போட்டாள். கியர் விழவில்லை. இன்ஜின் இருமி நின்றது. இடது முன்சக்கரத்துக்குக் கீழே தரை இல்லை. கார் மெதுவாகச் சாய்ந்தது. கதவைத் தள்ளினாள். தண்ணீர் திருப்பித் தள்ளியது. “ஆண்டவரே” என்றாள். பெமிலா என்றாள். கண்ணாடிக்கு வெளியே பழுப்பு ஏறியது. கழுத்து. வாய். கூரை.

பிறகு சத்தமே இல்லை.

மூச்சு முட்டவில்லை. அதுதான் அவளை எல்லாவற்றையும்விடப் பயமுறுத்தியது. கார் சுழன்று, மூக்கு அக்கரையைப் பார்க்க, ஆற்றின் அடியில் எதன்மேலோ உட்கார்ந்தது. பக்கத்தில் ஒரு ஜீப். கையெட்டும் தூரம். கிருஷ்ணமணி ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். தோளில் போட்டிருந்த துவர்த்துத் துண்டு மேலே எழும்பி நின்று ஆடியது. கண் திறந்திருந்தது. ஒரு கை ஹாரன்மேல் இருந்தது.

அவர் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். அந்த முகத்தில் கெடுதல் இல்லை. வெட்கம் இருந்தது. நெடுநேரம் நின்றவனுக்கு உட்கார இடம் கிடைத்தால், இடம் கொடுத்தவளைப் பார்க்க முடியாமல் ஒரு வெட்கம் வருமே, அது. ஹாரனிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஜீப்பின் விளக்கு அணைந்தது.

அவளுடையது அணையவில்லை.

சுவிட்சைத் திருகினாள். எரிந்தது. சாவியைப் பிடுங்கினாள். சாவி கையில் இருந்தது, விளக்கும் எரிந்தது. காலால் உதைத்தாள். கையால் குத்தினாள். மேலே இருட்டிவிட்டது தெரிந்தது. எவ்வளவு நேரம் போனது தெரியவில்லை.

அக்கரையில் ஒரு வெளிச்சம் வளைவு திரும்பியது.

வண்டி வந்து நின்றது. இன்ஜின் துடிப்பு தண்ணீர் வழியாக அவள் பல்லில் தெரிந்தது. அந்த இன்ஜினை அவளுக்குத் தெரியும். ஐந்து வருஷமாக வாசலில் நிற்கிற வண்டி.

ஹாரன் ஒருமுறை கேட்டது.

வராதீங்க என்று கத்தினாள். வாயிலிருந்து ஒரு குமிழிகூட வரவில்லை. வலது கை தானாக எழுந்தது. இடது கையால் அதைப் பிடித்தாள். பல்லால் கடித்தாள். வலிக்கவில்லை. இடது கையும் அதோடு சேர்ந்துகொண்டது. இரண்டு கையும் ஹாரன்மேல் போய் விழுந்தன.

ஒன்று. இரண்டு. மூன்று.

ஷாஜன் கண்ணாடியை இறக்கிப் பார்க்கவில்லை. இறங்கிக் கம்பு விட்டுப் பார்க்கவில்லை. வண்டி சரிவில் இறங்கியது. அவள் விளக்கு வெளிச்சத்திலேயே அவன் முகம் தெரிந்தது. மலையில் வளர்ந்தவன். தண்ணீரைப் பார்க்காமல், இமைக்காமல், விளக்கை நெற்றிக்கு நேராக வைத்து வந்துகொண்டிருந்தான். முன்சீட்டில் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு பெமிலா முழங்காலில் நின்றாள். முன்கண்ணாடி ஆவியால் மங்கியிருந்தது. பிள்ளை அதை உள்ளங்கையால் வட்டமாகத் துடைத்தாள், துடைத்த இடத்தில் மூக்கை அழுத்தி வைத்துக்கொண்டாள், வெளிச்சத்தைப் பார்த்துச் சிரித்தாள்.