ஒற்றைத் தட்டல்

கல்யாணராமன் எஞ்சினின் மேல் இரண்டு முறை தட்டியது பழக்கத்தால். பதிலுக்கு இரண்டு தட்டல்கள் கேட்டதற்குத்தான் காரணம் விளங்கவில்லை.

ஸ்பேனரைத் தாழ்த்திக்கொண்டு நின்றார். மயிலாப்பூரில் பிற்பகல் நான்கு மணி. கொல்லைப்புறத்துக் கார் ஷெட்டில் மண்ணெண்ணெயும் பழைய ஆயிலும் கலந்த நெடி. மதிலுக்கு அப்பால் பறக்கும் ரயில் ஒன்று மந்தைவெளியை நோக்கிப் போக, அதன் அதிர்வு தகரக் கூரையில் சற்று நேரம் தங்கி அடங்கியது. ரயிலாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்தார். கிண்டித் தொழிற்பேட்டையில் முப்பத்தோர் ஆண்டுகள் அளவுகளைச் சரிபார்த்து ஓய்வுபெற்றவர் அவர். காரணமில்லாத ஒலியை ஏற்பதில்லை.

பழைய ஃபியட்டின் எஞ்சின் இரண்டு ஆண்டுகளாக மரச்சட்டத்தின் மேல் கிடந்தது. அதன் முன்பகுதி சுவரைப் பார்த்தபடி ஒரு போர்வைக்கு அடியில். பின்பகுதி அவரைப் பார்த்தபடி, ஃப்ளைவீலுடன். அந்தக் கனத்த இரும்புச் சக்கரத்தை ஆறு போல்ட்டுகள் இறுக்கியிருந்தன. திருகினால் போல்ட் கழலாது. சக்கரமே சேர்ந்து சுழலும். ஆகவே இது இருவர் வேலை. ஒருவர் முன்பக்கத்துச் சிறு சக்கரமான புல்லியை அசையாமல் பிடிக்க வேண்டும்; மற்றவர் பின்னால் நின்று திருக வேண்டும்.

பிடிப்பவள் அவர் மனைவி ஸ்ரீரஞ்சனி. எஞ்சின் மறைப்பதால் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பாட்டு வகுப்பு நடக்கையில் பேச்சும் கேட்காது. அதனால் ஓர் ஏற்பாடு. அவர் இரண்டு முறை தட்டினால், தயாரா என்று பொருள். அவள் இரண்டு முறை தட்டினால், பிடித்தாயிற்று. வேலை முடிந்ததும் அவர் ஒரு முறை தட்டுவார்: விடலாம். அதைக் கேட்காமல் அவள் விட்டதே இல்லை.

“ஒத்தத் தட்ட மட்டும் மறந்துடாதேங்கோ,” என்பாள், உள்ளங்கைகளில் தேங்காயெண்ணெய் தேய்த்துக்கொண்டே. கிரீஸ் ஒட்டாமலிருக்க அவள் கண்ட வழி அது. “உங்க ஞாபக சக்திய நம்பின்னா இங்க ஒக்காந்துண்டிருக்கேன்!”

அவள் போய் இரண்டு ஆண்டுகள். பூனாவிலிருந்து மகள் மாளவிகா நாள்தோறும் மாலை ஆறு மணிக்கு ஹாலில் உள்ள தொலைபேசியில் அழைப்பாள். நேற்று தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

“பொங்கலுக்குள்ள கார் ஓடணும்ப்பா. நீங்களே ஓட்டிண்டு டாக்டரப் பாத்துட்டு வந்தேள்னா அங்கேயே இருங்கோ. இல்லேன்னா ஆத்தப் பூட்டிண்டு எங்கூடக் கிளம்புங்கோ. தனியா விடமாட்டேன்.”

பொங்கலுக்கு ஒன்பது நாள் இருந்தது. காலையிலிருந்து சக்கரத்தின் பற்களுக்கிடையே ஸ்க்ரூடிரைவரைச் செருகிப் பார்த்தார்; மூன்று முறை நழுவி விரல் மூட்டைக் கிழித்தது. இப்போது அது பெஞ்சின் மேல் கிடந்தது.

ஸ்பேனரைப் பொருத்தினார். அழுத்தினார்.

சக்கரம் சுழலவில்லை. முதல் போல்ட் பட்டென்று இளகியது.

இரண்டாவதற்கு, சோதித்துப் பார்ப்பதற்காகவே தட்டினார். பதில் உடனே வந்தது. ரயில் எதுவும் போகவில்லை. மூன்றாவதற்கு அவர் கையை உயர்த்துவதற்குள் பதில் வந்துவிட்டது. மண்ணெண்ணெய் நெடிக்கு அடியிலிருந்து வேறொரு மணம், சமையலறையிலிருந்து வருவதுபோல மெல்ல எழுந்தது. தேங்காயெண்ணெய். போர்வையைத் தூக்கிப் பார்க்கலாம் என்று தோன்றியது; வேலை நடக்கும்போது எதற்கு என்றும் தோன்றியது. பால்காரரிடம் காலையில் ஒரு சொல் பேசியதற்குப் பின் அன்று அவர் வாய் திறக்கவில்லை.

“இன்னும் மூணுதான்,” என்றார் உரக்க.

ஐந்தாவது கழன்றபோது கைபேசி ஒலித்தது. மெக்கானிக் மெஹபூப் அலி.

“இன்னா சார், அந்த போல்ட்டுங்கள தொட்டியா?”

“அஞ்சு கழண்டாச்சு.”

“அஞ்சா! யாரு சார் புடிச்சிக்கினது?”

கல்யாணராமன் போர்வையைப் பார்த்தார்.

“கத உடாத சார். புல்லி எங்கிட்ட கீது. போன வாரம் நீ பேங்க்குக்குப் போயிருந்தப்போ, லேத்துல குடுக்கக் கழட்டி எடுத்துக்கினு வந்தேன். சொல்ல மறந்துட்டேன் போல. முன்னாடி மொட்டை ராடுதான் நிக்குது. துரு புடிக்காம ஆயில் வேற தடவியிருக்கேன். பயில்வானே வந்தாலும் கை வழுக்கிக்கினு பூடும்.”

கைபேசியைப் பெஞ்சின் மேல் வைத்தார்.

போர்வை அசையவில்லை. ஆனால் அதன் நடுவே ஒரு மேடு இருந்தது. நெற்றியை எஞ்சினில் சாய்த்து ஒருவர் உட்கார்ந்திருந்தால் எழக்கூடிய மேடு.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், அவள் போன அன்றும் இதே போல்ட்டுகள்தான். அவர் தட்டினார், அவள் பிடித்தாள். ஹாலில் மணி அடித்தது, மாளவிகா. ஸ்பேனரைப் போட்டுவிட்டு உள்ளே போனவர் மாப்பிள்ளையின் மாற்றலைப் பற்றியும் பூனா மழையைப் பற்றியும் நாற்பது நிமிடம் பேசினார். ஒற்றைத் தட்டலைத் தட்டவில்லை. திரும்பி வந்தபோது அவள் பிடித்தபடியே இருந்தாள். மாரடைப்பு என்றார் மருத்துவர். புல்லியிலிருந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. தூக்கத்தில் போனாள் என்றுதான் மகளிடம் சொல்லியிருந்தார்.

தர வேண்டியது ஒன்று பாக்கி. அவ்வளவுதான். தந்துவிடலாம்.

ஆறாவது போல்ட்டில் ஸ்பேனரை மாட்டி, வலக்கையால் அதைப் பற்றிக்கொண்டு, பெஞ்சிலிருந்த சுத்தியலை இடக்கையில் எடுத்து ஒரு முறை தட்டினார்.

நீண்ட மூச்சு ஒன்று வெளியேறியது. அவருடையதன்று. சக்கரம் தளர்ந்து, அரை அங்குலம் தானாக ஆடி நின்றது. போர்வையின் மேடு தணிந்தது.

கல்யாணராமனின் கண்கள் நிறைந்தன. “போய்ட்டு வா,” என்றார்.

முன்பக்கத்திலிருந்து இரண்டு தட்டல்கள்.

தயாரா?

நாற்பது ஆண்டுப் பழக்கம். அவர் வேண்டாமென்று நினைப்பதற்குள் இடக்கை தட்டிவிட்டது. இரண்டு முறை.

சுத்தியல் கீழே விழுந்தது. இடக்கை தானாகச் சென்று வலக்கையின் மேல் இறுகியது. பத்து விரல்கள். ஒன்றும் விரியவில்லை.

ஹாலில் தொலைபேசி மணி அடித்தது. ஆறு.

போர்வை ஒருபுறமாகச் சரிந்தது. அடியில் மொட்டைக் கம்பி மட்டும். தரையில், எண்ணெய்ப் பாதம் ஒட்டி ஒட்டிப் பிரியும் ஓசை. அவரைக் கடந்தது. படியேறியது. சமையலறை. ஹால்.

மூன்றாவது மணியில் யாரோ ரிசீவரை எடுத்தார்கள்.

“சொல்லுடி கொழந்தே,” என்றது குரல், அவசரமே இல்லாமல். “அப்பாவா? ஷெட்டுலதான். தனியா ஒண்ணும் இல்லே.”

விரல்கள் வெளுத்துக்கொண்டிருந்தன. இடுக்குகளிலிருந்து தேங்காயெண்ணெய் கசிந்தது. மார்பின் இடப்புறம் ஏதோ ஒன்று இறுகத் தொடங்கியது, கால் சுற்று, அரைச் சுற்று.

அவள் ஒரு முறை தட்டினால் போதும், விட்டுவிடலாம். ஒன்றே ஒன்று.

உள்ளே பேச்சு பூனா மழைக்கு வந்திருந்தது.