நீல அக்கா

அக்காவின் முகம் மறுபடியும் நீலமாகத்தான் இருந்தது.

தங்கை அந்தப் போட்டோவைக் கலர் லேப்பின் மேஜைமேல் போட்டாள். இது மூன்றாவது தடவை. கல்யாணக் கோலத்தில் அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள்... ஆனால் ஐஸ் பெட்டிக்குள்ளிருந்து இப்போதுதான் எடுத்து வெளியே விட்ட மாதிரி.

"என் அக்கா உயிரோட இருக்கா சார். அது போட்டோவுல தெரியணும்."

பிரிண்ட் போடுகிறவன் நிமிர்ந்து பார்த்தான். இவ்வளவு திட்டு வாங்குகிறவனுக்கு இவ்வளவு அமைதியான கண்கள் எதற்கு என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது.

"மெஷின்ல தப்பு இல்ல மேடம். உங்க ஸ்கிரீன்லதான்."

முதல் நாளும் இதைத்தான் சொன்னான். தன் கம்ப்யூட்டரில் அதே படத்தைத் திறந்தும் காட்டினான். அதிலும் அக்கா நீலம். உங்கள் ஸ்கிரீனும் கெட்டுப்போச்சு என்று சொல்லிவிட்டு வந்தவள், வீட்டில் அவனுக்கு வைத்த பெயர் நீலகண்டன்.

கல்யாணப் படங்களை அச்சடித்துப் போடும் ஆல்பம்தான் அக்காவுக்கு அவள் தரும் பரிசு. படம் எடுத்தது அவள். தினமும் ஆபீஸ் விட்டு வந்து, சாயங்காலமெல்லாம் உட்கார்ந்து நிறம் திருத்தியதும் அவள். செவ்வாய்க்கிழமை அக்கா புருஷனோடு கடல் தாண்டிப் போகிறாள். வெறுங்கையோடு எப்படி அனுப்புவது?

உங்களால் முடியாது என்றால் வேறு லேப்பில் போட்டுக்கொள்கிறேன் என்று விருட்டென்று கிளம்பினாள். மழை வேறு பிடித்துக்கொண்டது. அடுத்த தெரு லேப்பில் உடனே பிரிண்ட் போட்டுக் கொடுத்தார்கள்... அங்கேயும் அதே நீலம்.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. போன வேகத்தில் திரும்பி வந்தவள், அவன் கடை வாசலில் நனைந்துகொண்டே நின்றாள். ரோஷம் ஒரு பக்கம் இழுத்தது, அக்கா ஒரு பக்கம் இழுத்தாள். அக்காதான் ஜெயித்தாள்.

அவன் சிரிக்கவில்லை. அது இன்னும் கடுப்பாக இருந்தது. துடைத்துக்கொள்ள ஒரு துண்டை நீட்டி, நாளைக்கு ஞாயிற்றுக்கிழமைதானே, வீட்டுக்கு வந்து ஸ்கிரீனைப் பார்க்கட்டுமா என்று மட்டும் கேட்டான்.

மறுநாள் ஐந்து மணி வாக்கில் வந்தான். நிறத்தை அளக்கும் சின்னக் கருவி ஒன்றை ஸ்கிரீன்மேல் தொங்கவிட்டான். அளந்து முடித்து, ஸ்கிரீன் சரியாகத்தான் இருக்கிறது என்றான். அவள் படத்தைத் திறந்தாள். அக்கா நீலம்.

"முந்தாநாள் சாயங்காலம் நல்லாத்தான் இருந்தா... சத்தியமா."

அவனுக்கும் பிடிபடவில்லை. இருவரும் நீல அக்காவையே வெறித்துக்கொண்டிருந்தார்கள். வெளியே இருட்டத் தொடங்கியது. அப்போது... ஸ்கிரீன் தானாகவே மெல்ல மஞ்சளானது. அக்காவின் கன்னத்தில் ரத்தம் ஓடியது.

"இருட்டினா ஸ்கிரீன் தானா மஞ்சளாகிற மாதிரி யாரோ செட்டிங் வச்சிருக்காங்க. அந்த மஞ்சளைச் சரிக்கட்டத்தான் நீங்க நீலத்தைக் கொட்டியிருக்கீங்க."

டீயோடு வந்த அம்மா டக்கென்று சொன்னாள். "நான்தான் தம்பி வச்சேன். எந்நேரமும் அதையே பார்த்து இவ கண்ணைக் கெடுத்துக்கிறா. கண்ணுக்கு நல்லதுன்னு அதுலயே போட்டிருந்துச்சு." பிறகு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்கதான் அந்த நீலகண்டனா?"

அவளுக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அவன் முதல்முறையாகச் சிரித்தான். பாவி... சிரித்தால் இன்னும் நன்றாக இருக்கிறான்.

அம்மா உள்ளே போனதும் அவன் அந்த மஞ்சளை நிறுத்தினான். அவள் எல்லாப் படத்திலும் நீலத்தைக் குறைத்தாள். கடைசிப் படத்தில் அக்கா பக்கத்தில் அவளும் இருந்தாள். அவன் ஸ்கிரீனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடியும் ஸ்கிரீனைப் பார்த்தான்.

"அக்கா சரியா வந்துட்டாங்க. நீங்கதான் பொருந்தல."

"இப்ப என்ன குறை?"

"இதுல இருக்கிறதவிட இப்ப சிவந்திருக்கீங்க." கருவியைப் பையில் வைத்தான். "உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. முதல் நாள் மேஜையில போட்டோவை வீசினீங்களே... அப்பவே."

திட்டு வாங்கும்போது பிடித்ததாம். என்ன ஜென்மமோ.

"ஆல்பம் நாளைக்கே வேணும்," என்றாள்.

"நானே கொண்டு வந்து தரேன்."

"வேண்டாம், நான் வரேன்." அவள் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "வாங்கிட்டுப் போய் ஒரு குறை கண்டுபிடிச்சு, திரும்பி வரணும்ல..."