சேறில்லாத தொட்டி

சேற்றுத் தொட்டியில் சேறு இல்லை.

ஒன்பது வருடம் கார் கழுவிய இடம். கார்களின் அடிவயிற்றிலிருந்து வழியும் மண்ணும் எண்ணெயும் வந்து தங்குவதற்கென்றே இயந்திரத்துக்குக் கீழே வெட்டிய தொட்டி அது. அவள் இரும்பு மூடியைத் தூக்கச் சொல்லி, குனிந்து, செல்போன் விளக்கை அடித்துப் பார்த்தாள். நேற்றுப் பூசிய சிமெண்ட் போல உள்ளே பளிச்சென்று இருந்தது.

“விக்கறதுக்காகக் கழுவி வச்சோம்மா” என்றார் ஓனர்.

என்னதான் கழுவினாலும் மூலையில் ஒரு கறைக்கோடாவது மிஞ்சும். பதினெட்டு வருடமாக ஒரு மெக்கானிக்கின் சட்டையைத் துவைக்கிறவளுக்கு அது தெரியாதா? இங்கே ஒரு சிலந்தி வலைகூட இல்லை, சாக்கடை வாடையும் இல்லை. மூக்கை இன்னும் கொஞ்சம் இறக்கியபோது மெல்லிசாக ஒரு வாசனை மட்டும் வந்தது. குளிப்பாட்டித் துவட்டிய கைக்குழந்தையின் உச்சந்தலை வாசனை. அவள் சட்டென்று நிமிர்ந்துவிட்டாள்.

கணவர் அதற்குள் மோட்டாரைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“பாரும்மா, புதுசு மாதிரியே இருக்கு.”

“அதாங்க எனக்குப் பிடிக்கல.”

“ஆரம்பிச்சுட்டா சந்தேகப் பிராணி” என்று ஓனரைப் பார்த்துக் கண்ணடித்தார். “பால் பாக்கெட்டையே நாலு தரம் மோந்து பாத்துட்டுதான் வாங்குவா.”

அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. இடுப்பெலும்பு தேய்ந்துவிட்டது, இனி காருக்கு அடியில் படுக்கவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லி நான்கு மாதம் ஆகிறது. படுக்க முடியாத மெக்கானிக்கை யார் தேடி வருவார்கள்? நின்றபடியே பட்டனைத் தட்டிப் பிழைக்க இந்த இயந்திரம்தான் ஒரே வழி என்று அவர் நம்பினார். ஆனாலும் கடைசி வார்த்தை அவளுடையது என்று வீட்டிலேயே பேசி முடிவு செய்திருந்தார்கள்.

“ஏன் விக்கறீங்க?” என்று அவள் ஓனரிடம் கேட்டாள்.

“எங்களுக்கு இனிமே தேவைப்படலம்மா.”

சோறு போடுகிற இயந்திரம் எப்படித் தேவைப்படாமல் போகும்? ஓனருக்கு வயது நாற்பதா, அறுபதா என்றுகூட அவளால் கணிக்க முடியவில்லை. ஆறு மாதமாக ஓடவில்லை என்றார். ஆனால் சுரங்கம் போன்ற அந்த நீளக் கூடத்தில், இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குத் தொங்கிய, காரைத் தேய்க்கும் நீலப் பட்டைகளிலிருந்து, பட்டப்பகலில், யாரும் தொடாமலே, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. எங்கோ ஒரு குழாய் மூச்சை இழுத்து, நிறுத்தி, யோசித்து, மறுபடி விடுவது போல ஓசை எழுப்பியது.

“ஓட்டிக் காட்டறேன். யாராவது ஒருத்தர் கார்ல உக்காருங்க” என்றார் ஓனர்.

“ஆள் எதுக்கு? நியூட்ரல்ல போட்டா தரையில ஓடற சங்கிலியே இழுத்துட்டுப் போயிடுமே?” என்றாள் அவள்.

“ஆள் இருந்தாதான் ஓடும்மா.”

அவள் வேண்டாம் என்று சொல்வதற்குள், கணவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகியபடி தங்கள் பழைய காரில் ஏறிவிட்டார். “ரெண்டே நிமிஷம்” என்றார். நான்கு கண்ணாடிகளையும் ஏற்றச் சொல்லி, ஒவ்வொன்றையும் விரலால் தட்டிப் பார்த்த பிறகுதான் அவள் விலகினாள்.

பக்கவாட்டுச் சன்னல் வழியாகப் பார்த்தாள். கார் நகர்ந்தது. தண்ணீர் சீறியது. பட்டைகள் மெல்லச் சுழல ஆரம்பித்து, வேகம் பிடித்து, காரின் மேல் சாய்ந்து மூடின. நுரைக்கு நடுவே கணவர் கையை ஆட்டினார். அவளும் ஆட்டினாள்.

அவர் ஆட்டுவதை நிறுத்தவில்லை. இல்லை, அவர் ஆட்டவில்லை. கண்ணாடியை அடித்துக்கொண்டிருந்தார்.

நீலப் பட்டைகள். காருக்கு வெளியே.

உள்ளேயும்.

“நிறுத்துங்க! ஐயோ, நிறுத்துங்க!”

சன்னலுக்குப் பக்கத்தில் இருந்த சிவப்புப் பொத்தானைக் குத்தினாள். மறுபடி குத்தினாள். எதுவும் நிற்கவில்லை.

ஓனர் அவள் கையை மெதுவாக எடுத்துவிட்டார். “பாதியில நிறுத்தக் கூடாதும்மா. பாதிதான் வருவாரு.”

அவள் மறுவாசலுக்கு ஓடினாள். கார் வந்து நின்றது. கதவு திறந்தது. கணவர் எதையும் பிடிக்காமல் இறங்கினார். நேராக நின்றார். நான்கு மாதத்தில் முதல் தடவையாக நேராக. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகுதான் கைகளைப் பார்த்தாள். எந்தச் சோப்புக்கும் போகாத நகக்கண் கருப்பு இல்லை. உள்ளங்கையைத் திருப்பினாள். ஒரு ரேகை இல்லை.

“ஏங்க, வலி இருக்கா?”

“என்ன வலி?”

“நம்ம பொண்ணு எத்தனாவது படிக்கிறா? சொல்லுங்க.”

அவளுக்குப் பின்னாலேயே வந்துவிட்டிருந்த ஓனரை அவர் பார்த்தார். பதில் தெரியாத பிள்ளை வாத்தியாரைப் பார்ப்பது போல. ஓனர் பரவாயில்லை என்று தலையசைத்தார்.

“வேண்டாம். இது வேண்டாம். வாங்க, போயிடலாம்” என்றாள்.

கணவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். வலிக்காத பிடிதான். ஆனால் விலகாத பிடி.

“இங்க அழுக்கு இருக்கும்மா” என்றார் அன்பாக.

மணிக்கட்டுக்குச் சற்று மேலே, பிறந்ததிலிருந்து அவளோடு இருக்கும் மச்சம். சான்றிதழ்களில் எல்லாம் அடையாளமாக எழுதிக் கொடுக்கும் மச்சம். அவர் கட்டைவிரலால் அதை ஒரு தரம் தேய்த்தார்.

அது ஈர மை போல இழுபட்டு வந்தது. அழிந்தது.

வலிக்கவே இல்லை. அவருடைய விரல் அவள் கைமேல் மெல்ல மேலேறியது, தேய்த்தபடி, தேய்த்தபடி, முகத்தை நோக்கி.