முதுகு காட்டி நின்றவர்கள்

அந்தப் படத்திலிருந்து நனைந்த கம்பளி வாடை வந்தது. மழைக்காலம் முழுக்கத் தோட்டத்து லயத்து அறையில் அடுப்புக்கு மேலே காயப்போட்டு முகர்ந்த வாடை அது, மதலேனாவின் மூக்கு அதில் ஏமாறாது. ஆனால் அந்தப் பழைய துரை பங்களாவில் கம்பளி போர்த்தியவர்கள் யாருமில்லை, படத்துக்குள் நின்றவர்களைத் தவிர.

தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்த பிறகு, வெள்ளைக்காரத் துரை வரைந்து விட்டுப்போன ஓவியங்களோடு பங்களாவைக் காட்சிசாலையாக்கி இருந்தார்கள். பார்க்கக் காசில்லை என்று கேள்விப்பட்டுத்தான் கபிரியேல் அவளைக் கூட்டிவந்தான். ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு, லுணுகலையிலிருந்து பதுளை வரை பஸ்ஸில் நின்றே வந்து, அங்கிருந்து மேடு ஏறியிருந்தார்கள். இரவு மாதா கோயில் மண்டபத்தில் பாய் விரிப்பதாக ஏற்பாடு. கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் இருவரும் சேர்ந்து கிளம்பிய முதல் பயணம். பிள்ளை இல்லை. சொந்தமெல்லாம் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டது. அவளுக்கு இருப்பது அவன் ஒருவன்தான்.

படத்தில், காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்களம். தூறலில் ஆண்கள் வரிசை வரிசையாக, கம்பளியைத் தலையோடு போர்த்தி, முதுகைக் காட்டி நின்றார்கள்.

"லீவு போட்டு வந்தும் பெரட்டுலதான் நிக்கணுமா?" என்றாள் எரிச்சலோடு.

"இவனுகளும் நம்மளாட்டம் தூக்கம் பத்தாதவனுக புள்ள. நின்னுக்கிட்டே தூங்குறானுக பாரு." கபிரியேல் கொட்டாவி விட்டபடி படத்துக்குக் கிட்டப் போனான்.

அவளுக்குக் கால் கடுத்தது. அறைக்கு இருந்த ஒரே வாசலுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கெண்டைக்காலைப் பிடித்துவிட்டாள். மணி ஐந்துதான் இருக்கும். அதற்குள் மூடுபனி ஜன்னலை அடைத்துவிட்டது. தகரக்கூரையில் தூறல் விழுந்தது. உள்ளே பலகைத் தரையில் அவனுடைய செருப்பு இரண்டு மூன்று தடவை கிறீச்சிட்டது, பிறகு சேற்றில் காலை வைத்து எடுப்பதுபோல் சளக், சளக் என்று ஏதோ கேட்டது, அதுவும் நின்று தூறல் சத்தம் மட்டும் மிச்சமிருந்தது. அசதியில் கண்ணைக் கொஞ்சம் மூடியிருப்பாள், அவ்வளவுதான்.

எழுந்து எட்டிப் பார்த்தாள். அறையில் ஆளில்லை.

படத்துக்கு அடியில் அவனுடைய செருப்பு இருந்தது. கம்பளி வாடை இப்போது தொண்டையை அடைத்தது. படத்தின் கடைசி வரிசை ஓரத்தில் கம்பளி இல்லாமல் ஒரு முதுகு. வெள்ளைச் சட்டை. காலர் கிழிசலில் நீல நூல் தையல். நேற்று ராத்திரி அதைத் தைத்தவள் அவள்தான்.

பூட்ட வந்த காவலாளி அலவி வாசலிலேயே நின்றுவிட்டார். கையில் லாந்தர். பதுளை டவுன்காரர், வயதான மனிதர். உள்ளே கால் வைக்கவில்லை.

"தங்கச்சி, அவர்ட பேரச் சொல்லிக் கூப்பிடுங்க. பேர மட்டும். வேற ஒண்ணும் சொல்ல வேணாம்."

"அய்யா, எங்க வீட்டுக்காரரு..."

"பேரு! கெதியாக் கூப்பிடுங்க!"

புருஷன் பேரை அவள் வாயால் சொன்னதே கிடையாது. எந்தப் பெண்தான் சொல்வாள்? அரிசிக் கூப்பனுக்குக் கணக்கப்பிள்ளை கேட்டாலும் பக்கத்து வீட்டு நேசராணியைத்தான் சொல்ல வைப்பாள். பாவசங்கீர்த்தனத்தில்கூட சாமியாரிடம் 'அவுக' தான். இப்போது சொல்லியே ஆக வேண்டும். சொன்னால் அவன் வருவான். வாயைத் திறந்தாள். 'க' என்று நாக்கு எழும்பியது. வெட்கமா பயமா தெரியவில்லை, அதோடு நின்றுவிட்டது.

வெள்ளைச் சட்டையின் தோள் குளிரில் நடுங்கியது.

அவளுக்குப் பொறுக்கவில்லை.

"என்னங்க..."

பின்னால் அலவி லாந்தரைப் போட்டுவிட்டு ஓடினார்.

படத்தில் ஒருவன் திரும்பினான். பக்கத்தில் நின்றவனும் திரும்பினான். அப்புறம் அந்த வரிசை. அடுத்த வரிசை. கூப்பிட்டது தன் பெண்சாதிதான் என்று நினைத்ததுபோல, எல்லாரும்.

முதுகை மட்டுமே வரைந்த துரை அவர்களுக்கு முகம் போட்டிருக்கவில்லை. கம்பளிக்குள் வெறும் ஓவியத் துணி.

ஓரத்தில் நின்ற ஒருவனுக்கு மட்டும் முகம் இருந்தது. அது அழுதது. வேண்டாம், வேண்டாம் என்று தலையாட்டியது.

அதற்குள் அவளுக்குக் கிட்ட நின்றவன் சேறு வடியும் வெறுங்காலைச் சட்டத்துக்கு வெளியே எடுத்து, பலகைத் தரையில் வைத்தான்.