எழுபத்தேழில் நின்ற பூட்டு

சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு மெஹ்ஜபீன் சுவர் அலமாரியைத் திறந்தாள். நகைப்பெட்டி இருந்தது. மணப்பெண்ணின் காசுமாலை அதில் இல்லை. பூட்டில் ஒரு கீறல்கூடக் கிடையாது.

மாரண்டஹள்ளியில் அவளுடைய அழகு நிலையம் சிறியது. பெரிய கண்ணாடிக்கு முன்னால் ஒரே நாற்காலி; உட்கார்ந்தவரின் முதுகுக்குப் பின்னால் அந்த அலமாரி. சாவி இல்லாத பூட்டு, வரிசையாக எட்டுப் பொத்தான்கள்; அமுக்கியது உள்ளேயே நிற்கும். கணிதத்தில் எம்.எஸ்சி. முடித்தவள், இடமிருந்து 128, 64, 32, 16, 8, 4, 2, 1 என்று அவற்றுக்கு மனத்துக்குள் மதிப்பு வைத்திருந்தாள். ஓர் எண்ணை நினைத்து, கூட்டினால் அது வரும் பொத்தான்களை மட்டும் அமுக்குவாள். எண்ணை யாரிடமும் சொன்னதில்லை.

தகவல் கேட்டு வந்த எஸ்.ஐ. மாதவராஜ், மெஹ்ஜபீனின் உதவியாளர் சுகுணாவிடம் திரும்பினார்.

"மேடம் திறக்கும்போது பக்கத்துலயே நிப்பியா?"

"ஆமாங்க சார். சீப்பு, துண்டெல்லாம் அதுலதான் இருக்குது."

"எல்லாரும் போட்டோ எடுக்க வெளிய போனப்ப?"

"நானும் பின்னாடியே போயிட்டனுங்க."

"யாராவது பார்த்தாங்களா?"

"எல்லாரும் பொண்ணையே பார்த்துட்டிருந்தாங்க சார்."

மணப்பெண் மலர்விழியின் அத்தை, தாய்மாமன் மனைவி ராஜாமணி பெருமூச்சு விட்டாள். வியாழக்கிழமை ஒப்பனை ஒத்திகைக்கும் அவள்தான் துணைக்கு வந்து, தனக்கும் புருவம் திருத்திக்கொண்டாள். இன்று முதலில் கொண்டை போட்டுக்கொண்டதும் அவளே. "வேலைக்காரங்கள நம்பி நகையக் குடுத்தோம் பாருங்க" என்றாள்.

"முன்னாடி வித்தியாசமா எதாச்சும் நடந்துச்சா?" என்று மாதவராஜ் மெஹ்ஜபீனிடம் கேட்டார்.

"வியாழக்கிழமை யாரோ பொத்தான அமுக்கி, திறக்க வராம அப்படியே விட்டுட்டுப் போயிருந்தாங்க சார். எழுபத்தேழுன்னு நின்னுச்சு. ஏதோ குழந்தை வேலைன்னு நெனச்சேன். இருந்தாலும் எண்ண மாத்திட்டேன்."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். புருவம் தீட்டும் பென்சிலை எடுத்துக் கண்ணாடியில் எழுதினாள். அமுக்கியதற்கு ஒன்று, விட்டதற்குச் சுழியம்.

10110010
01001101

"மேல இருக்கிறது பழைய எண், நூத்தி எழுபத்தெட்டு. கீழ இருக்கிறது எழுபத்தேழு. பின்னாலருந்து படிங்க சார்."

மாதவராஜ் படித்தார். அதே வரிசை திரும்பி நின்றது.

"சுகுணா நேரா பார்க்கிறவ. அவளா இருந்தா அன்னைக்கே திறந்திருப்பா. கண்ணாடியில பார்த்து மனப்பாடம் பண்ணவங்களுக்குத்தான் இடம் வலமாயிடும்."

"அப்ப இன்னைக்கு எப்படித் திறந்துச்சு?"

மெஹ்ஜபீன் கீழே இன்னொரு வரி எழுதினாள்: 10011001.

"புது எண், நூத்தி அம்பத்து மூணு. எந்தப் பக்கத்துலருந்து படிச்சாலும் ஒண்ணுதான். பத்திரம்னு மாத்தினேன், திருடினவங்களுக்கு அதுவே வழியாயிருச்சு. ரெண்டு நாளும் இந்த நாற்காலியில உட்கார்ந்தவங்க ரெண்டு பேர். மலர்விழி கேமரா முன்னால நின்னுட்டிருந்தா."

எல்லாரும் ராஜாமணியைப் பார்த்தார்கள். அவள் சண்டை போடவில்லை. தன் சாப்பாட்டுப் பையின் அடியிலிருந்து மாலையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"எங்க மாமியா போட்டிருந்தது. எம் பொண்ணுக்குன்னு வாயால சொல்லிட்டுத்தான் செத்தாங்க. அத எந்தக் கோர்ட்டுல சொல்றது?"

மலர்விழி மாலையைத் தொடவேயில்லை. "கேட்டிருந்தா குடுத்திருப்பேன் அத்தை" என்றாள்.

மாதவராஜ் ராஜாமணியை வெளியே அழைத்துப் போனார். சுகுணா பூச்சரத்தைப் பிரித்து மணப்பெண்ணின் சடையில் வைக்கத் தொடங்கினாள். ஊசி கீழே விழுந்தது.

"அக்கா, இந்தக் கணக்கு வராம போயிருந்தா?" என்று திரும்பாமலே கேட்டாள்.

மெஹ்ஜபீன் குனிந்து ஊசியை எடுத்துக் கொடுத்தாள்.